மாடி லைன் இழுக்கிற கரண்ட்

சாவு வீட்டில் அழாதவள் என்று பெயர் வாங்குவது லேசான காரியமில்லை. கம்பியக்கா வாங்கிவிட்டாள்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் அழாதவர்களே கிடையாது. பேப்பர் போடுகிறவர் அழுதார். பக்கத்து வீட்டுக்கு வந்து வழி தவறி உள்ளே நுழைந்த யாரோ ஒருவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, முழுசாக அரைமணி நேரம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இறந்தது யாருங்க?” என்று விசாரித்தார். கூடப்பிறந்த தங்கை மட்டும் சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒரு திருகாணி இல்லை. அண்ணன் வீட்டுத் துக்கத்தில் அவளுக்கு நினைவிருப்பது அந்தத் திருகாணி இல்லாத ஓட்டை ஒன்றுதான்.

அங்கேதான் அண்ணி அவள் காதருகே குனிந்து, நாலு தெருவுக்குக் கேட்கிற ரகசியக் குரலில் அதைச் சொன்னாள்.

“உங்கண்ணன் உன்னைப் பாக்கணும்னு உன் வீட்டுக்கு வந்தாரும்மா. உன் புருஷன் வாசலோட பேசி அனுப்பிட்டாராம். வீட்டுக்கு வந்து இதை மட்டும்தான் சொன்னாரு.”

அண்ணன் தங்கையோடு பேசியே வருஷக் கணக்காகிறது. பல் செய்கிறவருக்கும் பல் பிடுங்குகிறவருக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அந்த மனிதர் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. “பல்லுப் பிடுங்கிக்கு என் தங்கச்சியா?” என்று கல்யாணத்தன்றைக்குக் கதவைச் சாத்தியவர்தான். அப்படிப்பட்டவர் இறங்கி வந்திருக்கிறார். வந்தவரை வாசலோடு அனுப்பியிருக்கிறார் இவள் புருஷன்.

வீடு திரும்பியதும் கம்பியக்கா கேட்டாள்.

“அண்ணன் இங்க வந்தாரா?”

“வந்தாரு.”

“நீங்க சொல்லல.”

“சொல்லல.”

அவ்வளவுதான். ஒரு தட்டு பறக்கவில்லை, ஒரு கதவு அறையப்படவில்லை. பல்லுக்காரர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடியேறினார். அவருடைய பல் பட்டறை எப்போதுமே மாடியில்தான். இப்போது ஆளும் மாடியிலேயே என்று ஆனது. இத்தனை வருஷத் தாம்பத்தியம் ஒரு தலையணை நகர்ந்ததில் முடிந்துபோனது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் கடிகாரம்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் அடுத்த நொடிக்குப் போயிற்று.

எல்லோரும் கம்பியக்கா வெடிப்பாள், அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தார்கள். அவளும்தான் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. இஸ்திரிப் பெட்டி கையைச் சுட்டது; கொப்புளத்தைப் பார்த்து “ஓ” என்றாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். உள்ளே யாரோ மெயினை இறக்கிவிட்டுச் சாவியோடு ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒருநாள், சாப்பாட்டுக்கு நடுவில், மகளிடம் சொன்னாள்:

“வீட்டை ரெண்டு லைனாப் பிரிச்சிடலாம்னு இருக்கேன். மாடிக்குத் தனி மீட்டர்.”

மகள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. ஊர் முழுக்கப் பார்வை சரிசெய்து அனுப்புகிறவள். பிறந்ததிலிருந்து அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர். மீட்டர் இரண்டானால் வீடு இரண்டு. அது வாலுவுக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்தது.

மின்வாரியத்தில் சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு மத்தியானம் மீட்டர் ஆள் வருகிறார். கீழே எவ்வளவு இழுக்கிறது, மாடியில் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டினால் போதும், கையோடு இரண்டாவது மீட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இதோ, இன்றைக்குக் காலையிலேயே வாலு லீவு போட்டுவிட்டு மாடிப்படியின் கீழே டார்ச்சோடு நிற்கிறாள். கம்பியக்கா மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறாள்.

கம்பியக்கா வேலை பார்ப்பது பேனல் பட்டறையில். தொழிற்சாலைகளுக்குப் போகிற பீரோ உயரப் பெட்டிகளுக்குள் கம்பி கட்டுவது அவள் வேலை. இதுவரை அவள் கட்டிய கம்பிகளை முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, மிச்சத்தில் ஒரு தெருவே துணி காயப்போடலாம். அவள் கட்டிய பெட்டியைத் திறந்து பார்த்த இன்ஜினியர் ஒருவர், இத்தனை ஒழுங்காகத் தன் வீட்டில் எதுவுமே இல்லையே என்று கண் கலங்கியதாகப் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு.

மெயினை இறக்கினாள். வீடு பொசுக்கென்று அடங்கியது.

உடனே மாடியிலிருந்து குரல். “கரண்ட் போயிடுச்சா?”

வாலு அம்மாவைப் பார்த்தாள். “அம்மா, கரண்ட் போயிடுச்சான்னு கேக்கறாரு.”

“நிறுத்தியிருக்கேன்னு சொல்லு.”

“அப்பா, நிறுத்தியிருக்காங்களாம்!”

“எவ்வளவு நேரம்னு கேளு. பாதியில நின்னா பாழாப் போயிடும்.”

“எது பாழாப் போயிடும்?”

மேலே நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.”

“கொஞ்ச நேரம்தான்னு சொல்லு,” என்றாள் கம்பியக்கா.

“நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேருக்கும் நடுவுல மொத்தமே ஒரு மாடிப்படி. கடல் கடந்து சேதி போற மாதிரி நடத்துறீங்களே!”

கம்பியக்கா குனிந்தாள். தரையில் விரித்த துணியில் இருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தாள். துணி மாட்டுகிற கிளிப் மாதிரி வாயைத் திறந்து மூடுகிற வளையம். வாலில் இரண்டு மெல்லிய கம்பிகள்.

“இதான் கரண்ட் அளக்கிற சி.டி.யா? இம்மாத்தூண்டுதானா?”

“ம்.”

“கம்பியை வெட்டணுமா?”

“வெட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். மேலாப்புல கவ்விக்கிட்டா போதும். உள்ள எவ்வளவு ஓடுதுன்னு வெளியில இருந்தே சொல்லிடும்.”

வாலு அந்த வளையத்தை வாங்கி அம்மாவின் கழுத்துப் பக்கமாகக் கொண்டுபோனாள். “அப்போ இதை உனக்கு மாட்டிப் பாத்துடலாமா? உள்ள என்ன ஓடுதுன்னு ஒரு மாசமாத் தெரியலையே.”

கம்பியக்கா வளையத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “போற கம்பி, வர்ற கம்பி ரெண்டையும் சேத்துக் கவ்வினா பூஜ்யம்தான் காட்டும். ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். போற பேஸ் கம்பியை மட்டும் தனியாக் கவ்வணும்.”

“நான் ஜோக்கு சொன்னேம்மா.”

“தெரியும். டார்ச்சை மேல பிடி.”

அவள் கைகள் வேலை செய்வதை வாலு பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வளையத்தின் வாலிலிருந்த இரண்டு கம்பிகளையும், போனுக்கு எண்களை அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டியில் திருகி முடுக்கிவிட்டுத்தான் வளையத்தைக் கம்பியில் மாட்டினாள். மெயின் இறங்கியிருந்தாலும் அந்த வரிசை மாறவில்லை. கரண்ட் ஓடுகிற கம்பியில் வாலைக் கட்டாமல் மாட்டினால் அந்தச் சின்ன வளையமே ஆளை உதறிவிடும் என்று பட்டறையில் புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. சமையலறை லைனுக்கு ஒன்று. தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று. படுக்கையறைக்கு ஒன்று. கடைசியாக மாடிக்குப் போகிற தடித்த கம்பிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ‘டக்’ என்று வாயை மூடிக்கொண்டது. ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் குறைத்துக் காட்டும் என்று, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

மெயினை ஏற்றினாள். மேலே மின்விசிறி சுழல்கிற சத்தமும், “அப்பாடா” என்கிற குரலும் கேட்டன.

வாலு தன் போனைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் கெக்கெக்கே என்று சிரித்தாள். படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

“அம்மா! அப்பா கரண்ட் உற்பத்தி பண்றாரும்மா! மாடிக்கு மைனஸ் காட்டுது. மாடியிலிருந்து ரோட்டுக்குப் போயிட்டிருக்கு! அணை கட்டி வெச்சிருக்காரா மேல? ஊருக்கே வித்துடலாம்!”

கம்பியக்கா போனை வாங்கிப் பார்த்தாள். மாடி என்ற எழுத்துக்கு நேரே எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

“வளையத்துல ஒரு அம்புக்குறி இருக்கும்,” என்றாள். “அது வீட்டைப் பாக்கணும். தெருவைப் பாத்துட்டிருக்கு. திருப்பி மாட்டியிருக்கேன்.”

வாலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. சமையல் தெரிந்தவர் அடுப்பில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது இது.

“நீயா? நீயா மாத்தி மாட்டினே?”

“ம்.”

“அம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“ஒண்ணும் பண்ணல.”

அது முழு உண்மை. ஒன்றுமே பண்ணவில்லை. போன வருஷம் இதே தப்பைச் செய்த ஒரு பெண்ணைப் பார்த்துப் பட்டறையே அதிரக் கத்தியவள் அவள். இப்போது தனக்குள் கொஞ்சம் வெட்கமாவது கிடக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். காலி அறையில் விளக்குப் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. மெயினை இறக்கி, வளையத்தைத் திருப்பி மாட்டி, மறுபடி ஏற்றினாள். மாடியிலிருந்து இந்த முறை ஒரு பெரிய ‘ஐயையோ’வே வந்தது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மீட்டர் ஆள் வரும்வரை எண்கள் சேரவேண்டும். இருவரும் படியில் அடுத்தடுத்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி எழுந்து கொஞ்சம் உறுமிவிட்டுப் படுத்தது. மோட்டார் ஒரு தடவை துள்ளியது. படுக்கையறைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

மாடிக் கோடு மட்டும் திடீரென்று எழும்பியது.

லேசாக எழும்பவில்லை, மலையேறியது. உச்சிக்குப் போய், விட்டு விட்டுத் துடித்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு செங்குத்தாகக் கீழே விழுந்தது.

“அப்பா ஹீட்டர் போடறாரா? இந்த வெயில்லயா?”

“ஹீட்டர் இப்படி ஏறாது,” என்றாள் கம்பியக்கா.

“தலைக்கு எண்ணெய் காய்ச்சுறாரோ? மறுபடி முடி முளைக்க வைக்கிறேன்னு ஏதாவது?”

“அது அவரோட பல்லு சுடற உலை.”

வாலு திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அங்கே குறுக்கே நின்றது. துக்கத்துக்குப் பிறகு பல்லுக்காரர் வேலையே எடுப்பதில்லை. ஊர்ப் பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுப் பெட்டிகள் எல்லாம் வந்த கையோடு திரும்பிப் போகின்றன. மாடியில் நாள் முழுக்கப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதாகத்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார். பாதி ஊர் முன்பல் இல்லாமல் ரொட்டியை நனைத்துத் தின்கிறது. ஒரு டாக்டர் கண்ணாடிக் கடைக்கே வந்து, வாலுவிடம் நாலு விதமான பிரேம் போட்டுப் பார்த்து எதையும் வாங்காமல், “உங்கப்பாகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லும்மா” என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

கோடு மறுபடி ஏறியது. அதே மலை, அதே துடிப்பு, அதே விழுதல்.

“ஆர்டரே இல்லாம என்ன சுடறாரு?”

“போய்க் கேளு.”

“நானா?”

“வர்ற ஆளு கேப்பாரு. மாடியில இவ்வளவு எதுக்குன்னு. எதுன்னு தெரியாத லோடை வெச்சுக்கிட்டு லைனைப் பிரிக்கக்கூடாது.”

வாலு இரண்டு இரண்டு படியாக ஏறிப்போனாள். மேலே முணுமுணுப்பு. இறங்கி வந்தாள்.

“உள்ளேயே விடல. கதவுல கால் வெச்சுக்கிட்டு நிக்கறாரு. என்ன சுடறீங்கன்னு கேட்டா ‘சும்மா’ங்கறாரு.”

கம்பியக்கா கையைத் துணியில் துடைத்தாள்.

அவள் தொழிலில் சும்மா என்றொரு லோடு கிடையாது. ஒரு குண்டூசி அளவு கரண்ட் போனாலும், அது எங்கேயோ எதற்கோ போகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போன நாள் அவளுக்குக் கிடையாது. இதில் துக்கமோ கோபமோ எதுவும் இல்லை. இது அவளுடைய கைகளுக்கு இருக்கிற ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் அவளை எழுப்பி நிறுத்தியது.

“அம்மா, எங்க போறே?”

“மேல.”

வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதமாக அம்மாவின் கால் படாத படி அது.

கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. தள்ளினாள். பல்லுக்காரர் மேஜையில் குனிந்து, ஈர்க்குச்சி போன்ற ஒரு தூரிகையால் எதற்கோ பீங்கான் மாவு பூசிக்கொண்டிருந்தார். கண்ணில் பெரிய கண்ணாடி. அதன் வழியே அவர் கண்கள் தேங்காய் அளவுக்குத் தெரிந்தன. ஆளைப் பார்த்ததும் அந்தத் தேங்காய்கள் இன்னும் பெரிதாகின. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“இதான் சும்மாவா?” என்றாள் கம்பியக்கா.

ஒரு மாதத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

அவர் கையால் மேஜையை மறைக்கப் பார்த்தார். மறைக்கிற அளவில் கையும் இல்லை, மேஜையும் இல்லை. ஒரு பக்கம் உலை, தலையைத் தூக்கிக்கொண்டு சூட்டை ஊதிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டு. தட்டில் வரிசையாகப் பற்கள். நாலு நாலு முன்பற்கள் சேர்ந்த ஒட்டுப் பல் வரிசைகள், ஏழெட்டு இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே வளைவு. நடுவில் ஒரு வெள்ளைச் சுண்ண அச்சு: முன்னால் நாலு பல் இல்லாத ஒரு மேல்வாய்.

அந்த ஓட்டைக்கு அடுத்தாற்போல், இடதுபக்கக் கோரைப்பல் மட்டும் வரிசையை விட்டு முன்னே துருத்திக்கொண்டு நின்றது.

கம்பியக்கா தன் நாக்கின் நுனி தன்னை அறியாமல் தன் இடதுபக்கக் கோரைப்பல்லைத் தடவுவதை உணர்ந்தாள். அதுவும் அதே மாதிரிதான் துருத்திக்கொண்டிருக்கும். அவர்கள் குடும்பத்தில் அப்பா, அண்ணன், அவள், மூன்று பேருக்கும் அந்தத் தெற்றுப்பல் உண்டு.

“இது யாரோட வாயி?”

“தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேக்கறே.”

“சொல்லுங்க.”

பல்லுக்காரர் பெரிய கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தன, அதைவிடவும் சின்னதாயின.

“ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டாராம். முன்னால நாலும் போயிடுச்சு. நீ பட்டறைக்குப் போயிருந்தே. வாசல்ல வந்து கையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னாரு. ‘தங்கச்சி இருக்காளா’ன்னு கேட்டாரு. தங்கச்சிங்கற வார்த்தையே வரல, காத்துதான் வந்துச்சு. இல்லைன்னேன். ‘நல்லதாப் போச்சு’ன்னாரு.”

“நல்லதாப் போச்சா?”

“‘இத்தனை வருஷம் கழிச்சு அவ முன்னால பொக்கை வாயோட நிக்கச் சொல்றியா மாப்பிள்ளை? பல்லைக் கட்டிக்கிட்டு வந்து, நேரா அவ முன்னால நின்னு சிரிக்கிறேன். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது’ன்னாரு. என்னை அவரு மாப்பிள்ளைன்னு கூப்பிட்டதே அன்னிக்குத்தான். எனக்குத் தலைகால் புரியல. மேல கூட்டிட்டு வந்தேன். இதோ, இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சுத்தான் அச்சு எடுத்தேன்.”

“வாசலோட அனுப்பிட்டீங்கன்னு அண்ணிகிட்டச் சொல்லியிருக்காரே.”

“அதான் எனக்குப் புரியல.” அவர் ஸ்டூலைத் தொட்டுக் காட்டினார். “டீ போட்டுக் குடுத்தேன். ரெண்டு கப் குடிச்சாரு. சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இறங்கிப் போனாரு. வீட்டுக்குப் போயி ஏன் அப்படிச் சொன்னாரு? ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல.”

அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகிற உத்தேசமே இல்லாத விருந்தாளி மாதிரி.

கம்பியக்கா அச்சைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை.

“எப்போ எடுத்தீங்க இதை?”

“மழை ஆரம்பிச்சப்போ.”

“நாலு பல்லு செய்யறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?”

பல்லுக்காரர் உலையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“ரெண்டு நாள்,” என்றார்.

மழை முடிந்து, பனி வந்து போய், வெயில் ஏறினபிறகுதான் அண்ணன் போனார்.

“டாக்டருங்க வேலை வந்துக்கிட்டே இருந்துச்சு. எல்லாமே அவசரம், எல்லாமே நாளைக்கு வேணும். மச்சான் வீட்டு வேலைதானே, எங்க போகப் போகுதுன்னு அலமாரியில வெச்சேன். நடுவுல போன் பண்ணாரு. ‘என்ன மாப்பிள்ளை, நான் எப்போ சிரிக்கிறது?’ன்னாரு. அடுத்த வாரம்னேன். மறுபடி பண்ணாரு. அடுத்த வாரம்னேன்.” தட்டை ஓரமாகத் தள்ளினார். “நீ வந்து ‘நீங்க சொல்லல’ன்னு கேட்டப்போ, மறைச்சதுக்குத்தான் கேக்கறேன்னு தெரிஞ்சுச்சு. அதையே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த ‘அடுத்த வார’த்தைச் சொல்றதுக்கு அது மேல்.”

இப்போது வரவேண்டும் என்று கம்பியக்கா காத்திருந்தாள். அழுகையோ, அவர் சட்டையைப் பிடித்து உலுக்குகிற கோபமோ, ஏதோ ஒன்று. நெஞ்சுக்குள் எங்கேயோ வெகு தூரத்தில், அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தன் வீட்டுக் கதவுதானா என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

தட்டிலிருந்து ஒரு பல் வரிசையை எடுத்து அச்சில் பொருத்தினாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. பிசகே இல்லாத வேலை. இன்னொன்றை எடுத்துப் பொருத்தினாள். அதுவும் உட்கார்ந்தது.

“எல்லாமே சரியாத்தானே இருக்கு. எதுக்கு மறுபடி மறுபடி செய்யறீங்க?”

“அச்சு எடுத்தேன். நிறம் எடுக்கல.”

“என்னது?”

“பல்லு நிறம். அச்சு எடுத்த கையோட, இந்த மாதிரிப் பல்லை வாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பாத்து எடுக்கணும்.” சுவரில் விசிறி மாதிரி விரித்து மாட்டியிருந்த மாதிரிப் பற்களைக் காட்டினார், வெள்ளையிலிருந்து பழுப்புவரை வரிசையாகத் தொங்கின. “கத்துக்குட்டிகூட மறக்கமாட்டான். மாப்பிள்ளைன்னு கூப்பிட்ட சந்தோஷத்துல மறந்து தொலைச்சேன். இப்போ எங்க போய்ப் பாக்கறது? ஒண்ணு சுட்டா வெள்ளையா இருக்கு. இன்னொண்ணு சுட்டா மஞ்சளா இருக்கு. எது அவரோடதுன்னு எனக்குத் தெரியல. அவரு வாயை ஒரே ஒரு தடவை, அதுவும் ஓட்டை வாயாத்தானே பாத்திருக்கேன்.”

கம்பியக்கா பல் வரிசைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சினிமாக்காரர்கள் பல் மாதிரி ஒன்று. டீக் கறை படிந்த கோப்பை மாதிரி ஒன்று. மற்றவை எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தன.

“இவ்வளவு வெள்ளை கிடையாது,” என்றாள்.

பல்லுக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார்.

“எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி குடிச்ச பல்லு. மேல வெள்ளை, அடியில லேசாக் காவி ஓடும். குறுக்கால மெல்லிசா ஒரு கோடு. எங்க மூணு பேருக்குமே அப்படித்தான்.”

“கோடா? எங்க? எந்த இடத்துல?”

கீழே வாசல் மணி அடித்தது. சின்ன அடி இல்லை; வேலையை முடித்துவிட்டு நாலு வீடு போகவேண்டிய ஆள் அடிக்கிற அடி.

“அம்மா!” வாலுவின் குரல் படியில் ஏறி வந்தது. “மீட்டர் ஆளு வந்துட்டாரும்மா! மீட்டரைக் கையோட கொண்டாந்திருக்காரு! எங்க மாட்டணும்னு கேக்கறாரு! மாட்டலாமா, வேண்டாமா?”

கம்பியக்கா, அண்ணன் உட்கார்ந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். மேஜை விளக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். சூடு கன்னத்தில் பட்டது, பட்டது தெரிந்தது.

பல்லுக்காரர் சுவரிலிருந்து மாதிரிப் பற்களை எடுத்தார்.

“கொஞ்சம் அகலமா,” என்றார்.

“அம்மா! அவருக்கு நேரமாகுதாம்! என்னதான் சொல்லட்டும்?”

மணி மறுபடி அடித்தது. அவர் அவளுடைய தெற்றுப்பல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை ஆவென்று திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவள் யாருக்குத்தான், என்னவென்றுதான் பதில் சொல்வாள்?